எருக்களமும் அண்டை வீட்டாரும்

தோட்டத்தில் எருக்களம் ஒன்று அமையப்போகிறது என்னும் செய்தி பெரட்டுக்களத்தில் காதில் விழுந்த அன்றே லயத்தில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். "நாலு பேருக்கு வேலை கிடைக்கும், வரட்டுமே" என்பது ஒரு கட்சி. "நாற்றமும் ஈயும் நம் வீட்டுக்குத்தானே வரும், வேண்டவே வேண்டாம்" என்பது மற்றொரு கட்சி. இவ்விரண்டுக்கும் நடுவே வாய் திறவாத மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. குடியிருக்கும் வீடு நிருவாகத்தினுடையது, செய்யும் வேலையும் நிருவாகத்தினுடையது. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அறியாமல் அவர்கள் இருந்துவிடுவர். அவர்களை மனத்திற்கொண்டே இப்பாடத்தை நாம் எழுதுகிறோம். அச்சம் எங்கே நியாயமானது, எங்கே ஆதாரமற்றது என்று பிரித்தறியத் தெரிந்தவனே தகுந்த கேள்வியைக் கேட்க முடியும்.

எருக்களம் என்று நாம் இங்கே கூறுவது 'கம்போஸ்ட்' எனப்படும் கூட்டெருவைப் பேரளவில் ஆக்கும் இடத்தை. இஃது ஒன்றும் புதிதன்று. லயத்துக்குப் பின்புறம் மாட்டுக் கொட்டகை இருந்த நாளில், சாணத்தையும் தழையையும் ஒரு மூலையில் குவித்து, மக்கியபின் கீரைப் பாத்திக்கு அள்ளிச் சென்ற பாட்டிமார் பலர் நம் தோட்டங்களில் இருந்தனர். இந்திய நாட்டின் இந்தூரில் 1924-ஆம் ஆண்டு முதல் 1931-ஆம் ஆண்டு வரை ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹவார்ட் என்பார், கீழ்த்திசை உழவர்களின் இந்தப் பழைய வழக்கத்தையே ஒழுங்குபடுத்தி, தழை, சாணம், மண், நீர், காற்று ஆகியவை எவ்வாறு சேரவேண்டும் என்று வரையறுத்தார். மும்மாதத்தில் எருவாகும் அவருடைய முறைக்கு இந்தூர் முறை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பாட்டியின் குப்பைமேடு ஒரு வண்டிச் சுமை. இன்று அமையும் களமோ நாள்தோறும் பல லோரிச் சுமையை ஏற்பது. சிறிய குவியலில் ஏற்படும் தவறு அவ்வீட்டாரோடு போகும். பெரிய களத்தில் ஏற்படும் தவறு ஓர் ஊரையே தொல்லைப்படுத்தும். சண்டையெல்லாம் பிறப்பது இந்த வேறுபாட்டில்தான்.

இத்தனை குப்பை எங்கிருந்து வருகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். பால் மரம் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. எஞ்சிய இரப்பர்த் தோட்டங்களுக்குப் பக்கத்திலும் செம்பனை ஆலை இருக்கிறது. ஒரு டன் பழக்குலை ஆலைக்குள் சென்றால், ஏறத்தாழ 220 முதல் 230 கிலோ வெற்றுக்குலையும், அரை டன்னுக்கு மேற்பட்ட கழிவுநீரும் வெளிவருகின்றன. வெற்றுக்குலையை முன்னாளில் சூளையிலிட்டு எரித்துச் சாம்பலாக்கி உரமாக வீசினர். 1997-ஆம் ஆண்டில் புகைமூட்டம் நாட்டைச் சூழ்ந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கடுத்த ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டுத் திறந்தவெளியில் எரிப்பதற்கு எதிரான விதிகள் கடுமையாயின. கழிவுநீரின் கதையோ அதற்கும் முந்தியது. ஆலைக் கழிவுநீர் ஆற்றின் உயிர்வளியை எவ்வளவு உறிஞ்சும் என்பதை அளக்கும் அளவு ஒன்று உண்டு. கழிவுநீர் ஆலையிலிருந்து வரும்போது அவ்வளவு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977-ஆம் ஆண்டு விதிகளின்படி 1978-இல் 5,000 என்று தொடங்கிய வரம்பு, படிப்படியாகக் குறைந்து 1984-இல் 100 ஆயிற்று. எரிக்கவும் இயலாது, ஆற்றில் விடவும் இயலாது என்னும் நிலையில், குலையை நறுக்கிக் குவித்து அதன்மீது கழிவுநீரைத் தெளித்து மக்கவைப்பது ஆலைகளுக்கு ஏற்ற வழியாகத் தோன்றியது. 2021, 2022-ஆம் ஆண்டுகளில் இரசாயன உரத்தின் விலை உயர்ந்தபோது இவ்வழி மேலும் கவர்ச்சி பெற்றது. ஆகவே எருக்களம் வேண்டாத ஒன்று என்று நாம் கூறமாட்டோம். அதை எங்கே, எப்படி நடத்துவது என்பதே கேள்வி.

முதலில் நாற்றத்தை எடுத்துக்கொள்வோம். அண்டை வீட்டார் முறையீடு பத்தில் எத்தனை என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எனினும் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழுகின்ற வாய்ச்சொல் அதுவே.

எருக்குவியலுக்குள் வேலை செய்வன கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். நம்மைப் போலவே அவற்றுக்கும் உணவு, நீர், காற்று ஆகிய மூன்றும் வேண்டும். காற்றோட்டம் உள்ளவரை அவை தழையைத் தின்று வெப்பத்தை வெளிவிடும். அப்போது எழுவது மழைக்குப் பின் காட்டில் எழும் மண்வாடையே. குவியல் நீரில் ஊறி, அமுங்கி, காற்றுப் புகாமற் போயின் அந்த நுண்ணுயிர்கள் மடிந்து, காற்றின்றி வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும். அவை வெளிவிடும் வாயுக்களில் ஒன்றுதான் அழுகிய முட்டை போல் நாறுவது. ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டி நாலைந்து நாள் மூலையில் போட்டால் என்ன ஆகும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கூடத்தில் காய்ந்து தொங்கும் ஷீட் அப்படி நாறுவதில்லை.

மற்றொரு நாற்றம் மூக்கை எரிப்பது, கண்ணில் நீர் வரவழைப்பது. அதன் பெயர் அம்மோனியா. கோழிச் சாணம், பச்சைப் புல் முதலிய தழைச்சத்து மிகுந்த பொருள்கள் அளவுக்கு மிஞ்சும்போது அது எழும். கரிச்சத்து 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்பதே நல்ல கலவை. மரத்தூளில் கரிச்சத்து மிகுதி. கோழிச் சாணத்தில் தழைச்சத்து மிகுதி. ஆகவே அம்மோனியா வாடை வந்தால் மரத்தூளோ நறுக்கிய குலையோ மேலும் சேர்க்கவேண்டும். அழுகல் வாடை வந்தால் குவியலைப் புரட்டிக் காற்றேற்றவேண்டும். எந்த வாடை என்று சொல்லத் தெரிந்த அண்டை வீட்டார், களத்து மண்டோருக்குப் பாதி வைத்தியம் சொன்னவர் ஆவார். "ஒரே நாத்தம் மண்டோரண்ணே" என்பதோடு நிறுத்தாமல், "முட்டை அழுகின வாடை, நேத்து ராத்திரி மழைக்கு அப்புறம்" என்று சொல்லும் பெண்மணி, தாம் அறியாமலே நோயின் பெயரையும் காரணத்தையும் கூறிவிடுகிறார்.

ஈரம் எவ்வளவு இருக்கலாம்? எடையில் பாதிக்குச் சற்று மேல், அதாவது நூற்றுக்கு 50 முதல் 60 வரை. கருவி வேண்டியதில்லை. உறை அணிந்த கையில் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசியவேண்டும். தாரையாக ஒழுகினால் நீர் அதிகம்; ஒன்றும் வராமல் உதிர்ந்தால் குறைவு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் நாட்டில் கூரையோ மூடுதுணியோ இல்லாத களத்தில் இந்த அளவைக் காப்பது கடினம். கூரைக்குச் செலவு அதிகம் என்று கூறி வெட்டவெளியில் தொடங்கும் களத்தைப் பற்றி நமக்கு ஐயம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

காற்றைப் பற்றியும் ஒரு செய்தி. எத்தனை மீட்டர் தூரத்தில் களம் இருக்கிறது என்று மட்டுமே பலரும் கேட்கின்றனர். தூரம் முக்கியமே, ஆயினும் மேடு பள்ளம் அதனினும் முக்கியம். விடியற்காலையில் தலைவிளக்குக் கட்டிப் பால் வெட்டச் செல்வோர் பள்ளத்து நிரையில் பனி தேங்கி நிற்பதைக் கண்டிருப்பர். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, நீர் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்குகிறது. களம் குன்றின்மேலும் லயம் அடிவாரத்திலும் இருந்தால், நாற்றமும் அந்தக் காற்றோடு இறங்கி லயத்துச் சன்னல்களில் வந்து நிற்கும். பகலில் அதிகாரிகள் வந்து மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயிலில் காற்று மேலெழுந்து கலைந்துவிடும். "நாங்கள் வந்தபோது நாற்றமே இல்லையே" என்று அவர்கள் கூறுவதும் உண்மை, "இரவெல்லாம் தூங்கவில்லை" என்று குடியிருப்பவர் கூறுவதும் உண்மை. ஆகையால் பார்வையிட வருவோரைக் காலை ஆறு மணிக்கு வருமாறு அழைக்கவேண்டும். குவியலைப் புரட்டும் வேலையையும் அதே காரணத்தால் முற்பகல் முதிர்ந்தபின் வைத்துக்கொள்வதே முறை. அதிகாலையிலும் அந்தியிலும் புரட்டுவது அண்டை வீட்டாரை வேண்டுமென்றே பகைத்துக்கொள்வதாகும். கோயில் திருவிழா நாளிலும், கம்பத்துச் சூராவில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடக்கும் வேளையிலும், லயத்தில் துக்க வீடு உள்ள அன்றும் புரட்டாமல் இருக்கவேண்டும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் எழுதியிருக்காது. எழுதாமலே தெரியவேண்டியது அது.

இடையில் ஒரு சிறு விளக்கம். காலை நேரத்தில் களத்திலிருந்து வெண்புகை எழுவதைக் கண்டு "நெருப்பு வைத்துவிட்டான்" என்று கூக்குரலிடுவோர் உண்டு. அது பெரும்பாலும் நீராவி. நன்றாக வேலை செய்யும் குவியலின் உட்புறம் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும். இரும்புக் கம்பியை உள்ளே செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால், கையில் பிடிக்க முடியாதபடி சுடவேண்டும். சுடாத குவியல்தான் கவலைக்குரியது. ஆயினும், மிக உயரமாகக் குவித்து உலரவிட்ட குவியல் உள்ளேயே கனன்று தீப்பிடிப்பதும் உண்டு. கருகிய மணம் வந்தால் உடனே சொல்லவேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல், காயவும் விடாமல் வைத்திருந்தால் இந்த ஆபத்து அரிது.

அடுத்தது ஈ. இந்த விஷயத்தில் அண்டை வீட்டாரின் அச்சம் முற்றும் நியாயமானது. கேமரன் மலையில் பதப்படுத்தாத கோழிச் சாணத்தைக் காய்கறிப் பாத்திகளில் இட்டதனால் ஈத்தொல்லை பெருகிய செய்தி நாடறிந்தது. நம் நாட்டு வெப்பத்தில் வீட்டு ஈயின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து புழுவாகி, ஏழு முதல் பத்து நாள்களில் சிறகு முளைத்துப் பறந்துவிடும். இதிலிருந்தே மருந்தும் தெரிகிறது. ஏழு நாளுக்குள் புழுவைக் கொன்றுவிட்டால் ஈ இல்லை. குவியலின் உள்வெப்பத்தில் புழு பிழைக்காது. அது வாழ்வது குளிர்ந்த மேற்பரப்பில். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மூன்று நாலு நாளைக்கொரு முறை வெளிப்புறம் உட்புறமாகப் புரட்டவேண்டும். புதுச்சரக்கு வந்திறங்கிய அன்றே கலந்து, முதிர்ந்த எருவை அரை முழ உயரத்துக்கு மேலே பரப்பி மூடவேண்டும். இப்போர்வை நாற்றத்தையும் ஓரளவு வடிகட்டும். கோழிச் சாணத்தை மூட்டை மூட்டையாக இறக்கி வைத்து, "நாளை கலப்போம், ஞாயிறு கழித்துக் கலப்போம்" என்று தள்ளிப்போடும் களமே ஈயின் தொழிற்சாலை. மருந்தடிப்பது ஒரு வாரத்துக்குக் கண்துடைப்பு. மருந்தடித்தே நாள் கடத்தும் களம், புரட்டும் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று நாம் எண்ணிக்கொள்வதில் தவறில்லை.

மூடுதுணியின் மடிப்புகளில் தேங்கும் மழைநீரையும் பார்க்கவேண்டும். ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை நீர் தேவையில்லை; இத்தகைய தெளிந்த நீரே போதும். அத்தகைய இடத்தை வைத்திருப்பது நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். களத்துக்கும் அது பொருந்தும், லயத்துப் பூந்தொட்டிக்கும் பொருந்தும்.

கம்பத்து அண்டை வீட்டார் கேட்கும் கேள்வி வேறு. "எங்கள் தென்னைக்கு வண்டு வருமா?" என்பர். வரும். காண்டாமிருக வண்டு மக்கும் மரத்திலும் எருவிலும் முட்டையிடும். அதன் புழு மும்மாதம் நான்கு மாதம் எருவைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவந்து தென்னையின் குருத்தையும் இளஞ் செம்பனையின் குருத்தையும் துளைக்கும். களத்துக்குச் சொந்தக்காரருக்கே இதனால் நட்டம் உண்டு என்பதால், இவ்விஷயத்தில் இரு தரப்பாரும் ஒரே பக்கத்தில் நிற்கலாம். ஒழுங்காகப் புரட்டப்படும் சூடான குவியலில் புழு தங்காது. ஆறிப்போன குவியலிலும், ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் குலைக் குவியலிலும்தான் தங்கும். முதிர்ந்த எருவை மாதக்கணக்கில் தேக்காமல் வயலுக்கு ஏற்றிவிடவேண்டும். வாசனை வைத்து வண்டைக் கவரும் பொறிகளையும் எல்லையோரத்தில் நிறுத்தலாம். புரட்டும்போது வெளிப்படும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குவதற்குக் கோழிகளைவிடச் சிறந்த கூலியாள் இல்லை என்பது நம் அனுபவம்.

இரப்பர்த் தோட்டத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றையும் இங்கே சேர்க்கிறோம். மறுநடவின்போது தோண்டிய பழைய வேர்க்கட்டைகளை எருக்களத்துக்குக் கொண்டுவருதல் கூடாது. வெள்ளை வேர் நோயின் பூசணம் வேர்க்கட்டையில் நெடுநாள் உயிர்வாழும். கட்டை பெரிதாக இருப்பின் களத்தின் வெப்பம் அதன் நடுவே எட்டாது. அரைகுறையாக மக்கிய துண்டு எருவோடு இளங்கன்றின் அடியில் போய்ச் சேர்ந்தால், தோட்டத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பிழைப்பில் கைவைத்தது போலாகும்.

நீரைப் பற்றிய அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. குவியலிலிருந்து வடியும் கறுப்பு நீர் ஓடையில் கலந்தால், கழிவுநீர் விதிகளால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவந்ததை எருவின் பெயரால் கெடுத்ததாகும். களத்தின் தரை சிமெந்தாகவோ இறுக்கிய களிமண்ணாகவோ இருக்கவேண்டும். சுற்றிலும் கான் வெட்டி, வடியும் நீரை ஒரு தொட்டியில் சேர்த்து, அதையே திரும்பக் குவியலில் தெளிக்கலாம். வெளிமழை நீர் உள்ளே வராதபடி வேறொரு கான் வேண்டும். கிணறு உள்ள இடத்தில் நூறு அடிக்குக் குறையாத இடைவெளி விடுவது நல்லது. கிணறு சரிவின் கீழே இருந்தால் நூறு அடியும் போதாது. முதல் லோரி வருவதற்கு முன்பே கிணற்று நீரையும் ஓடை நீரையும் சோதித்து முடிவை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். களம் தொடங்கியபின் சோதித்தால், கெட்டிருப்பது எப்போது கெட்டது என்று வழக்காடிக்கொண்டே இருக்க நேரும்.

நோய்க் கிருமிகளைப் பொறுத்தவரை, எருவாகும் வெப்பமே நல்ல காவல். 55 பாகைக்குக் குறையாத சூட்டில் 15 நாள் இருந்து, அதற்குள் ஐந்து முறை புரட்டப்படவேண்டும் என்பது நீள்வரிசைக் குவியலாக மக்கவைக்கும் சாக்கடைப் படிவுக்கு அமெரிக்க நாட்டார் விதித்துள்ள கட்டளை. சாணம் சேர்க்கும் களமும் இதைக் கடைப்பிடித்தால் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். காற்றில் பரவும் பூசண வித்துக்களைப் பற்றி இங்கிலாந்தில் நெடுங்காலமாகப் பேசிவருகின்றனர். 250 மீட்டருக்குள் வீடு இருந்தால் தனியாக ஆராய்ந்த பின்னரே அங்கே அனுமதி தருகின்றனர். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் முதியோரும் அருகில் இருப்பின் இதைக் கேட்கவேண்டும். எனினும் முதலில் பாதிக்கப்படுபவர் அண்டை வீட்டார் அல்லர். உலர்ந்த எருவை முகக்கவசமின்றி வாரும் தொழிலாளியே. உலர்ந்த குவியலை நனைத்த பின்னரே புரட்டவேண்டும். கவசம், கையுறை, காலணி ஆகியவற்றை நிருவாகம் கொடுக்கவேண்டும், கொடுத்ததை நாம் அணியவேண்டும்.

எல்லாவற்றையும்விட மெல்ல நுழையும் ஆபத்து, களத்துக்கு என்ன வருகிறது என்பதில் இருக்கிறது. குலையும் தழையும் என்று தொடங்குவார்கள். ஆறு மாதத்தில் பக்கத்துக் கோழிப் பண்ணைச் சாணம் வரும். ஓராண்டில் சந்தைக் கழிவு வரும். அதனோடு மீன் குடலும் கண்ணாடித் துண்டும் பழைய மின்கலமும் வரும். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஒரு களத்தை நம்பலாமா என்பதற்கு நாம் வைக்கும் உரைகல் இதுவே: ஏற்கும் பொருள்களின் பட்டியல் வாயிலில் பலகையில் எழுதப்பட்டுள்ளதா, அதை மாற்றுவதானால் அண்டை வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்வார்களா? இதற்கு நேரான விடை கிடைக்காத இடத்தில், மற்ற வாக்குறுதிகளை நாம் பாதி விலைக்கே மதிப்போம்.

இனி உரிமையைப் பற்றி. நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. திட்ட அனுமதி தேவைப்படும் ஒரு முயற்சிக்கு, உள்ளூர்த் திட்டம் இன்னும் வகுக்கப்படாத இடத்தில் விண்ணப்பம் வந்தால், அண்டை நிலத்தின் உடைமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். 'உடைமையாளர்' என்னும் சொல்லை வாசகர்கள் கவனிக்கவேண்டும். கம்பத்தில் சொந்த நிலம் வைத்திருப்பவருக்குக் கடிதம் போகும். லயத்தில் நாற்பது ஆண்டு குடியிருப்பவருக்குப் போகாது. அவர் வீடு நிற்கும் நிலத்தின் உடைமையாளர் களத்தை அமைக்கும் நிருவாகமாகவே இருக்கலாம். நெருங்கி வாழ்பவருக்குச் சொல்லாமல், தள்ளி வாழ்பவருக்குச் சொல்லும் இந்நிலை நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் கடிதம் வராததால் வாயும் இல்லை என்பதில்லை. லயத்து மக்கள் தொழிற்சங்கக் கிளை மூலமாகவோ, ஆலய நிருவாகக் குழு மூலமாகவோ, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூலமாகவோ ஊராட்சி மன்றத்துக்கு எழுதலாம். கம்பத்துத் தலைவரோடு சேர்ந்து ஒரே கடிதமாக எழுதினால் இன்னும் நன்று. நாற்றத்துக்கு இனமும் மொழியும் கிடையாது. சுற்றுச்சூழல் துறையின் மாநில அலுவலகத்திலும் முறையிடலாம்.

எழுதும்போது "நாற்றம் தாங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்பில் தூங்கும். இருபது காசுப் பென்சிலும் ஒரு பள்ளிக்கூட நோட்டும் வாங்கி, நாள், மணி, மழை பெய்ததா, காற்று எப்பக்கம், என்ன வாடை, எவ்வளவு நேரம் என்று ஒரு மாதம் குறித்துவைக்கவேண்டும். மூன்று நான்கு வீடுகளில் தனித்தனியே குறித்தால் மெய் தானே தெரியும். நாற்றம் இல்லாத நாளையும் 'இல்லை' என்று குறிக்கவேண்டும். அந்த நேர்மையே மற்றக் குறிப்புகளுக்கு மதிப்பைத் தரும். களத்தாரும் தம் பங்குக்குப் புரட்டிய நாளையும், வந்த சரக்கையும், குவியலின் சூட்டையும் ஒரு நோட்டில் எழுதவேண்டும். இரண்டு நோட்டையும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்த்தால், "கோழிச் சாணம் இறங்கிய மறுநாள் நாற்றம்" என்பது போன்ற உண்மைகள் ஒருவரையொருவர் திட்டாமலே வெளிப்படும். முறையீட்டுக்கு விடை சொல்லும் பொறுப்பு இன்னாருடையது என்று ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பலகையில் இருக்கவேண்டும். அவர் இரவிலும் எடுப்பவராக இருக்கவேண்டும், ஏனெனில் நாற்றம் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை.

மேற்குக் கரையில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டியும், கிழக்குக் கரையில் நவம்பர் முதலும் மழை வலுக்கும். புதிய களத்தின் உண்மையான தேர்வு அந்த மழையில்தான் நடக்கிறது. களத்தைத் தொடங்க நாள் குறிக்கும் கூட்டத்துக்கு உங்களை அழைத்தால், கூரையும் கானும் தொட்டியும் எந்த மாதத்துக்குள் முடியும் என்பதை முதலில் கேட்டு, வரும் விடையைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, அதன் படி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.